வாசலில் வேப்பிலை

இஞ்சாருங்கோ,

நீங்கள் உபவாச ஜெபத்துக்குப் போன பிறகு எங்கடை ஸ்ரெலாவுக்கு மூச்சு இழுக்கத் துவங்கீட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன். சின்னவனும் என்னோடைதான். சோறு பானையிலை, மீன்குழம்பு சட்டியிலை.

வாசலிலை வேப்பிலையைக் கண்டு கொதிச்சிருப்பியள். பிய்ச்சு எறியாதேங்கோ. முன்வீட்டுச் செல்வநாயகி அக்காவின்ரை மரத்திலை ஒடிச்சது. அம்மாளுக்கெண்டு நான் கட்டேல்லை. சின்னமுத்து அம்மை வந்த வீட்டிலை சைவச்சனம் வேப்பிலை கட்டினால் வெளியாக்கள் உள்ளை வரமாட்டினம். எங்கடை சபையிலை என்ன செய்தவை? காய்ச்சல்காரப் பிள்ளையை நடுவிலை இருத்தி, மற்றப் பிள்ளையள் எல்லாரையும் கை வைச்சு ஜெபிக்கச் சொன்னவை. ஸ்ரெலாவைத் தூக்கிக்கொண்டு போனது நீங்கள். இப்ப சபைக்கு வந்த கனிசியஸ் அண்ணையின்ரை பிள்ளையளும் மேலெல்லாம் சிவந்து கிடக்குதுகள்.

கிளினிக்கிலை தடுப்பூசிக்குக் கூப்பிட்ட நேரம், "கர்த்தர் காப்பார், ஊசி போடுறது அவிசுவாசம்" எண்டு சொன்னனீங்கள். ஷெல் அடிக்கேக்கை பங்கருக்குள்ளை முதல் குதிக்கிறது ஆர்?

பிள்ளை "அப்பா எங்கை" எண்டு கேட்டபடி கிடக்கிறாள். பார்க்க வாங்கோ. பைபிளோடை வாங்கோ, பாஸ்டரோடை வராதேங்கோ.

திரேசா

வீட்டைப் பூட்டித் திறப்பைச் செல்வநாயகி அக்காவிட்டைக் குடுங்கோ.

இன்னொண்டு. ஸ்ரெலாவை வார்ட்டிலை விட்ட உடனை சின்னவனுக்கு ஊசி போடுவிப்பன். நீங்கள் இதை வாசிக்கேக்கை போட்டு முடிஞ்சிருக்கும். ஜெபிச்சு அதை வெளியிலை எடுக்கேலுமெண்டால் எடுங்கோ.