ஆழ்வார்குறிச்சிக்குப் போய்த் திரும்பி வந்த தீபாவளிப்படி

பாளையங்கோட்டை
8.11.95

அன்புள்ள மகள் வேணிக்கு அம்மா சொர்ணாம்பாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காந்திமதி அம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கு யாவரும் சுகம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இந்தத் தடவை சுகமா இல்லையா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை, அந்தக் கணக்கில் சுகம்தான். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்கிறது, குறுக்குத்துறையில் தண்ணீர் கோயில் படி வரை வந்துவிட்டு இறங்கிவிட்டதாம், மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த வெள்ளம் மாதிரி ஒன்றும் இல்லை, நீ பயப்படாதே. அப்பாவுக்கு மழைக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உன் தம்பி கோமதிசங்கர் அம்பாசமுத்திரம் பேங்கிலேயே இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்து துவைக்கிற துணியைப் போட்டுவிட்டுப் போகிறான். உன் கடிதம் வந்து ஒரு மாசம் ஆகப் போகிறது, அம்மா பதில் போடவில்லையே என்று நினைத்திருப்பாய். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

நீ எழுதியிருந்த ஓட்டு விஷயம் இங்கே வீட்டையே ஒரு சுற்று சுற்றிவிட்டது. உங்கள் அயர்லாந்தில் கல்யாணம் செய்தவர்கள் என்ன ஆனாலும் விவாகரத்து வாங்க முடியாதாம், இனிமேல் வாங்கலாமா கூடாதா என்று ஊர் ஜனங்களிடமே ஓட்டுக் கேட்கிறார்களாம், இந்த மாசம் இருபத்து நாலாம் தேதியாம், தெருவிளக்குக் கம்பத்தில் எல்லாம் தட்டி கட்டியிருக்கிறார்களாம், அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டதால் உனக்கும் ஒரு ஓட்டு இருக்கிறதாம், உனக்கு ஒரு பக்கமும் மனசு சாயவில்லையாம், நம் வீட்டில் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். அப்பாவுக்கு முதலில் பெருமை தாங்கவில்லை. நம்ம நாட்டுல ஆளைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்லுதான், சட்டத்தைப் பத்தி நம்மகிட்ட ஒருத்தனும் கேட்டதில்ல, என் மக ஒரு நாட்டுக்கே சட்டம் சொல்லப் போறா என்று தெருவில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்கள். பிறகு உன் கடிதத்தை இரண்டாம் தடவை படித்துவிட்டு முகம் சுருங்கிவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முந்தி கேட்டு வேண்டாம்னு சொன்ன ஊராம்லா, திரும்பவும் எதுக்குக் கேக்கணும், வேண்டாம்னே போடச் சொல்லு என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். கோமதிசங்கர், அது அவங்க ஊரு, அவங்களுக்குச் சரியாத்தான் இருக்கும், சரின்னு போடட்டும், நம்ம வீட்டுல அந்தப் பேச்சை வளக்காதீக என்றான். அவன் எப்பவும் இரண்டு பக்கமும் கால் வைக்கிறவன். கடைக்கார நூர்முகம்மது அண்ணாச்சி சாயங்காலம் வந்தவர்கள், எங்கள்ல ஒத்துவரலன்னா பிரிஞ்சு போக வழி வச்சிருக்கு, வழி இருக்குன்னு எல்லாரும் ஓடியா போயிட்டாங்க, கதவு இருந்தா வீட்டை விட்டு ஓடணும்னு இருக்கா வே என்று அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் கேட்டதற்கு எனக்கு அடுப்புல வேலை கிடக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஆக எல்லாரிடமும் கேட்டாச்சு. உன் தங்கச்சி மதுமதியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அவள் எல்லாருக்கும் தோசை வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவளே ஒன்று கேட்டாள், எத்தன வருஷம் பிரிஞ்சு இருந்தா விடுவாகளாம், அக்கா எழுதியிருக்காளா என்று. நாலு வருஷம் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதைச் சொன்னேன். நாலா என்று கேட்டுவிட்டு அடுத்த தோசைக்குப் போய்விட்டாள்.

அவள் கதை உனக்குத் தெரியாதது இல்லை, ஆனால் நீ அங்கே போன பிறகு நடந்த கல்யாணம், தூரத்தில் இருந்து பாதிதான் தெரிந்திருக்கும். ஆழ்வார்குறிச்சியில் கொடுத்தோம், ஒரு வருஷம் முடியவில்லை, அவள் புருஷனுக்கு, வேலை பார்க்கிற வடக்கு ஊரில் வேறே ஒரு குடும்பம் இருப்பது தெரிந்தது, இவள் ஒரு பெட்டியோடு வந்துவிட்டாள். ஏழு வருஷம் ஆச்சு. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள், சம்பளத்தை அப்பா கையில் கொடுக்கிறாள், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா ஒரு காரியம் மட்டும் விடவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மகளைக் கொடுத்த வீட்டுக்குப் படி போக வேண்டும் அல்லவா, அதை ஒரு தடவை கூட நிறுத்தவில்லை. உனக்கு வீரவநல்லூரில் உன் மாமியார் வீட்டுக்குப் போகிற மாதிரியே, அங்கேயும் வேட்டி சேலை பலகாரம் எண்ணெய் எல்லாம் ஒரு பையில் கோமதிசங்கர் கொண்டு போய் வைத்துவிட்டு வருவான். வேட்டியை அப்பாவே டவுன் கடையில் உட்கார்ந்து கரை பார்த்து எடுப்பார்கள். மகள் இங்கே அடுப்படியில் நிற்பாள், அவள் பேரில் படி அங்கே போகும். எதுக்கு இது என்று நான் கேட்டால், அத்துவிட்டது நம்ம பக்கம்னு நாளைக்கு ஒரு நாக்கு சொல்லக் கூடாது என்பார்கள். நானும் அதற்கு மேல் பேசுவதில்லை.

இந்தத் தீபாவளிக்கு கோமதிசங்கருக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால். பை கட்டி வைத்தபடி இருக்கிறது, என்ன செய்வது என்று அப்பா முழித்துக்கொண்டிருந்தபோது மதுமதி சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். என் பேர்ல போற படிதானே, நானே கொண்டு போறேன் என்றாள். தன் படியைத் தானே சுமந்துகொண்டு போகிற வழக்கம் எங்கே உண்டு, அப்பா வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார்கள், அவள் அதற்குள் பையை எடுத்துவிட்டாள். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. போகாதே என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை, போ என்று சொல்லவும் தோன்றவில்லை. குடையைக் கொடுத்தேன். சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள், கையில் அதே பை. நனைந்துவிடக் கூடாதென்று பைக்குத்தான் குடை பிடித்திருப்பாள் போல, அவள் தோள் எல்லாம் நனைந்திருந்தது. காபி கேட்டாள். குடித்துவிட்டுச் சொன்னாள்.

சம்பந்தியம்மா மட்டும்தான் வீட்டில் இருந்தார்களாம். கதவைத் திறந்து இவளைப் பார்த்ததும் அவர்கள் கண் கையில் இருந்த பைக்குத்தான் போனதாம். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, ஏளா, நீயா சுமந்துக்கிட்டு வந்தே, ஏழு வருஷமா உங்க அப்பா படி விடாம அனுப்புதாக, மகளை எங்ககிட்ட இருந்து பிரிக்க அவுகளுக்கு மனசு இல்லன்னுலா நாங்க நெனச்சிட்டோம், திருப்பி அனுப்பினா ஒரு தகப்பனை அவமானப்படுத்தின மாதிரி ஆயிருமேன்னு வாங்கி வாங்கி வச்சோம், எம் மகன் எப்பவோ பிரியுததுக்குக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்னு சொல்லிட்டான், நீங்க ஒரு வார்த்தை கேக்கலியே என்றார்களாம். சொல்லிவிட்டு பீரோவைத் திறந்து காட்டினார்களாம். ஏழு வருஷத்து வேட்டியும் சேலையும் கடையில் ஒட்டின சீட்டோடு அடுக்கி இருந்ததாம், ஒன்றைக் கூடப் பிரிக்கவில்லை. பலகாரத்தை மட்டும் தின்னுட்டோம், கெட்டுப் போயிருமேன்னு என்று ஒளிக்காமல் சொன்னார்களாம். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிரு தாயி என்று கெஞ்சினார்களாம். இவள், என்னால அவ்வளவும் தூக்க முடியாது அத்தே, இந்த வருஷத்தை மட்டும் கொண்டு போறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். இதை எல்லாம் பள்ளிக்கூடத்தில் யாருக்கோ காய்ச்சல் என்று சொல்வது மாதிரி சொன்னாள் வேணி. அழவில்லை, கோபப்படவும் இல்லை. நாமதான் விடல, அவங்க விடலன்னு நாம நெனச்சோம், நாம விடலன்னு அவங்க நெனச்சாங்க, அவ்வளவுதான்மா என்றாள். டம்ளரைக் கழுவி வைத்தாள்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பை கூடத்து மேஜை மேலேயே இருந்தது. எடுத்து உள்ளே வைக்கவும் யாருக்கும் கை வரவில்லை. தீபாவளி வந்தது, எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், எல்லாரும் புதுத்துணி உடுத்தினோம், கோமதிசங்கர் வந்து இரண்டு வெடி போட்டான், மறுநாள் கிரகணம் என்று கதவை அடைத்துக்கொண்டு நாலு பேரும் ஒரே அறையில் இருந்தோம். எனக்கு அழுகை வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. மரத்துப் போன காலைக் கிள்ளினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அந்த அம்மாள் மேல் குற்றம் சொல்ல முடியுமா, அப்பா மேல் சொல்ல முடியுமா, எல்லாரும் மரியாதைதான் பண்ணினார்கள். பாவிப் பெண்ணுக்கு முப்பத்தொரு வயசு ஆகிவிட்டது. பத்து நாளைக்கு மேல் ஆச்சு, அந்தப் பையைச் சுற்றிக்கொண்டே கூடத்தைப் பெருக்கினேன், அப்பாவோ வாயைத் திறந்தபாடில்லை. எனக்கு ஆத்திரமாக வந்து, இந்த மனுஷருக்குக் கல்லால நெஞ்சா என்று பாத்திரத்தோடு பாத்திரத்தை இடித்துக்கொண்டு சத்தமாகவே சொன்னேன்.

இன்று காலையில் அப்பா குளித்துவிட்டு வந்தபோது பார்த்தேன், ஆழ்வார்குறிச்சிக்குப் போய் வந்த அந்த வேட்டியை உடுத்தியிருந்தார்கள். மயில்கண் கரை. சீட்டைக் கிழித்து மேஜை மேல் வைத்திருந்தார்கள். மருமகனுக்கு எடுத்த வேட்டியைத் தான் உடுத்துகிற மனுஷரா உன் அப்பா, நீயே சொல். நான் அடுப்படி வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். மதுமதி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். பார்த்துவிட்டு, அப்பா, கரை உங்களுக்கு எடுப்பா இருக்கு என்றாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, நான்தானே பாத்து எடுத்தேன் என்றார்கள். பிறகு, நூர்முகம்மதுக்குப் பழக்கமான வக்கீல் ஒருத்தர் முருகன்குறிச்சியில இருக்காராம், நீ பள்ளிக்கூடம் விட்டு வா, ரெண்டு பேரும் போவோம் என்றார்கள். சரிப்பா என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். உள்ளே பால் பொங்கி வழிந்திருந்தது. துடைத்தேன். சந்தோஷமா துக்கமா ஒன்றும் தெரியவில்லை, கை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தது.

அப்பாவிடம், வேணிக்கு என்னன்னு எழுதட்டும், வேண்டாம்னுதானா என்று கேட்டேன். உனக்கு என்ன தோணுதோ எழுது என்றார்கள். என் கல்யாணம் முடிந்து இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர்கள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அதனால் எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். நீ சரி என்கிற பக்கமே போட்டுவிடு. உங்கள் ஊரில் சட்டம் விடவில்லை, நம் ஊரில் சட்டம் எப்பவோ விட்டுவிட்டது, வீடுதான் விடவில்லை, இரண்டும் ஒன்றுதான். உனக்கு முகம் தெரியாத யாரோ ஒருத்தி அங்கேயும் அப்பா வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருப்பாள், தோசை இல்லாவிட்டால் வேறே என்னவோ சுடுவாள். நேற்றே மதுமதியிடமும் கேட்டேன், நீ என்ன சொல்லுதே, அக்காவுக்கு எழுதணும் என்று. அவள் நோட்டுத் திருத்திக்கொண்டே, எந்தப் பக்கம் வேணாலும் போடட்டும்மா, போடாம மட்டும் இருந்திர வேண்டாம்னு எழுது, யாரும் ஒண்ணும் சொல்லாம இருந்துதான் எனக்கு ஏழு வருஷம் போச்சு என்றாள்.

ஆகையால் அன்றைக்கு மழை பனி என்று வீட்டில் இருந்துவிடாதே, மாப்பிள்ளைக்கு வேறு எண்ணம் இருந்தால் அவர்கள் ஓட்டை அவர்கள் போடட்டும், சண்டை போடாதே, உன் ஓட்டை நீ போடு. பேரனுக்குச் சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துவிடு. காலுறை போடாமல் தரையில் நடக்காதே. பல்வலி என்று எழுதியிருந்தாயே, காட்டினாயா இல்லையா. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், மனசில் இருப்பதை ஒருவருக்கொருவர் வாய் திறந்து சொல்லிக்கொண்டு, நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு
ஆசிகளுடன் உன் அம்மா
கை. சொர்ணாம்பாள்

பி.கு: பொங்கப்படி இந்தத் தடவை உனக்கு மட்டும்தான். வழக்கம்போல் வீரவநல்லூரில் உன் மாமியாரிடம் கொடுத்துவிடுகிறோம். ஒரே ஒரு பைதான், கோமதிசங்கர் ஆழ்வார்குறிச்சி பஸ் ஏற வேண்டியது இல்லை.