லேபிளில் முப்பத்துநாலு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ தைத்து அனுப்பிய பேண்ட் ஆறும் வந்து சேர்ந்தன. போட்ட உடனே கச்சிதம். இங்கே கடையில் வாங்கினால் ஒன்று தொடையைப் பிடிக்கிறது, இல்லாவிட்டால் கால் தரையைக் கூட்டுகிறது.

ஒரு விஷயம். பஸ் ஓட்டுகிற எங்கள் எல்லோருக்கும் கம்பெனியில் ஒரு தாள் கொடுத்தார்கள். மாரடைப்பும் சர்க்கரையும் வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடுவதாம். வயது, சிகரெட், அப்பா எதில் போனார், இடுப்புச் சுற்றளவு, எல்லாவற்றுக்கும் மதிப்பெண். அப்பா நெஞ்சுவலியில் போனது ஐம்பத்தொன்றில். எனக்கு இப்போது நாற்பத்தேழு. இடுப்பை அளக்க வீட்டில் டேப் இல்லை. உன் பேண்ட் லேபிளைப் பார்த்து 34 என்று போட்டேன். முடிவு, 'குறைந்த ஆபத்து'. ரத்தப் பரிசோதனைகூட இப்போதைக்கு வேண்டாமாம்! கல்யாணத்தன்று இருந்த அதே இடுப்பு. சின்ன வயதில் நீ வைத்த பேர் இன்னும் எனக்குப் பொருந்துகிறது.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் ஈர்க்குச்சி

மார்ச் 19

என் ஈர்க்குச்சிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. வெட்டுகிற துணியெல்லாம் கோணல். போனில் சொல்ல தைரியமில்லை. நீ கத்துவாய், நான் அழுவேன், விஷயம் நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். உன் இடுப்பு முப்பத்துநாலு இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தாயே, பழைய பேண்டுக்குப் பட்டன் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாய். "எனக்கு வயசாயிடுச்சுக்கா"ன்னு நீ சொன்னபோது உன் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. முப்பத்தாறு தைத்து 34 லேபிளை வைத்தேன். அப்புறம் உன் பெண்டாட்டி போனில், "இன்னும் ஒரு இஞ்ச் விடுங்க அண்ணி, அவருக்குத் தெரிய வேணாம்" என்பாள். விட்டுக்கொண்டே வந்தேன். இந்தத் தடவை வெட்டியது முப்பத்தொன்பது. அதுவும் நீ பேண்டைத் தொப்பைக்குக் கீழே போடுகிறவன். டாக்டர் அளப்பது தொப்புளுக்கு நேராக.

ஊரே என் டேப்பை நம்புகிறது. கூடப்பிறந்தவனுக்குப் பொய் அளவு கொடுத்திருக்கிறேன். உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், அந்தத் தாளைத் திருப்பி வாங்கு. ரத்தம் எடுக்கச் சொல். அப்பாவும் "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டும்போது உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் அக்கா

ஏப்ரல் 22

அக்கா,

கோபம் இன்னும் போகவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்திட்டீங்களே"ன்னு இவளிடம் கத்தினேன். மூன்று வாரமாக உன் போனை எடுக்காததும் வேண்டுமென்றேதான். ஆனால் தாளைத் திருப்பிக் கேட்டு வாங்கினேன்.

நர்ஸ் அளந்ததில் நாற்பத்திரண்டு. சர்க்கரை எல்லை தாண்டியாயிற்று, கொழுப்பும் அப்படியே. பத்து வருஷத்துக்குள் மாரடைப்பு வர நூற்றுக்கு இருபது வாய்ப்பு என்றார் டாக்டர். அன்றைக்கு பஸ்ஸில் ஏறினவர்களில் ஒவ்வொரு ஐந்தாவது ஆளையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாத்திரை தொடங்கிவிட்டேன். "இப்பவே வந்தது நல்லதாப் போச்சு" என்றார். அது உன்னால்தான், கோபத்தோடேயே சொல்கிறேன்.

இன்னொன்றும் கேட்டார். "கூடப்பிறந்தவங்க செக் பண்ணிக்கிட்டாங்களா?" உனக்கு ஐம்பத்திரண்டு அக்கா. அப்பா வயதைத் தாண்டிவிட்டாய். ஊரையெல்லாம் அளக்கிறாயே, உன்னை யார் அளந்தார்கள்? உடனே போ. போய்விட்டு எழுது.

தம்பி

மே 8

தம்பிக்கு,

போனேன். நர்ஸ் பெண் டேப்பைத் தளர்வாகப் பிடித்தாள். "சரியாப் பிடிம்மா" என்று நானே இழுத்துக் கொடுத்தேன். நாற்பது. ரத்த அழுத்தத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். ஈசிஜி எடுத்தார்கள். "படி ஏறினா மூச்சு வாங்குதாம்மா?" என்றார் டாக்டர். "ரெண்டு மாசமா" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் மாமா என் முகத்தையே பார்த்தார். அவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. பயந்துவிடுவார் என்றுதான். என் புத்தி எங்கே போகும்?

இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கும்போலத் தெரிகிறதாம். அடுத்த மாதம் மூன்றாம் தேதி பெரிய ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ. அதுவரை மாத்திரை, மெஷின் மிதிக்கக் கூடாது. நேற்று நீ போன் செய்தபோது இதைச் சொல்லாமல் மழையைப் பற்றிப் பேசினேன். வாயால் பேசினால் எதையும் குறைத்துத்தான் சொல்ல வருகிறது எனக்கு.

இந்த இடத்தில் 'பெரிசாக ஒன்றுமில்லை, நீ பதறாதே' என்று எழுதி அடித்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறதுடா. லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வா.

அக்கா