தையல் மெஷின் பக்கத்தில் ஒரு சரஸ்வதி

புரட்டாசி, செவ்வாய்.
காலையிலிருந்து மழை. ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ஈப்போ டவுன் வீட்டுக்குச் சாமான் ஏற்றியதில் சரஸ்வதி படத்துக் கண்ணாடி விரிசல். அதற்குத்தான் ஆக வேண்டுமா! சனிக்கிழமை பூஜை. பேத்தி மாலாவுக்கு அடுத்த மாதம் படிவம் ஐந்து, பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை. போன தவணைப் பரீட்சையில் கணக்கில் பெயில். இந்தப் படத்தைக் கும்பிடாமல் ஒரு பரீட்சைக்கும் போனவள் இல்லை.
வாங்க வேண்டியது: பொரி, கடலை, சந்தனம், கற்பூரம்.

புதன்.
படத்துக்குப் பிரேம் போடும் கடை. கடைக்காரத் தம்பி சட்டத்தைக் கழற்றினார். படத்தின் அடியில் உள்பக்கமாக மடித்திருந்த பகுதி விரிந்தது, அதில் எழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தேன். வீட்டிலேயே சங்கீதம். வீணை, ஆர்மோனியம், சுவர்க் கடிகாரம், தையல் மெஷின். தபாலில் அனுப்பப்படும்.
"அம்மா, இது பழைய காலத்துச் சாமான் விளம்பரம்லா. வீணை விக்கிற பொம்பளை. சாமி இல்ல."
"தெரியும். மடிச்சே போடு."
எங்கே தெரியும்! மாமனார் இந்தியாவிலிருந்து மலாயாவுக்குக் கப்பலில் கொண்டு வந்த படம். படத்தில் அம்மாளைச் சுற்றி இருக்கும் கடிகாரமும் தையல் மெஷினும் அவளுக்குப் படையல் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

வியாழன்.
நாத்தனார் பாக்கியம் பக்கத்து ஊர் லகாட்டிலிருந்து பூஜைக்கு வருகிறாளாம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அத்தனை பேர் முன்னால் கேட்டவள்.
"அண்ணி, உங்க சரஸ்வதிக்கு ரெண்டு கையக் காணோமே?"
"முதுகுக்குப் பின்னால இருக்கு. உனக்குக் கண்ணுதான் தெரியல."
சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில். மாலா முன்னால் மறுபடி வாயைத் திறந்தால்? பிள்ளைக்கு இருக்கிற கொஞ்ச தைரியமும் போய்விடும்.

வெள்ளி.
"பாட்டி, படம் எப்ப வரும்? அது இல்லாம எனக்குக் கணக்கு வராதுலா."
சொல்லிவிடவா? நாக்கு நுனிவரை வந்தது. "நாளைக்கு வந்துரும்" என்றேன்.

சனி.
படம் மாட்டியாயிற்று. மாலா புத்தகங்களை அடுக்கினாள், கணக்கு மேலே. பாக்கியம் சொல்லிக் கேட்பதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று எல்லாம் சொன்னேன். மாலா படத்துக்குக் கிட்டே போய் வெகுநேரம் பார்த்தாள்.
"அப்ப இவங்களுக்கும் கணக்குத் தெரியாதா, பாட்டி?"
"மெஷின்ல தைக்கத் தெரியும்போல."
சிரிக்கவில்லை. கணக்குப் புத்தகத்தை மட்டும் உருவிக்கொண்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். பூஜையில் வைத்த புத்தகத்தை விஜயதசமிக்கு முன்னால் தொட்டவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அடுப்படி விளக்கைப் போட்டுவிட்டு வந்தேன்.
பாக்கியம் வந்துவிட்டாள்.
"அய்யய்யோ அண்ணி, இன்னிக்குப் போயி படிக்கிறா!"
"மெல்லப் பேசு. அவ கணக்குப் போடுறா."