நாற்பத்தோராம் இதழின் வரைபடம்

மார்ச் 4, செவ்வாய்

இதழ் 41 தபாலில் போய்ப் பத்து நாள். இன்று பதினேழு கடிதம். பதினாறு திட்டு.

அக்காதான் பிரித்துப் படித்தாள். உறை ஒட்டுவது, முகவரி எழுதுவது, என்னை வாரிவிடுவது – மூன்றும் அவள் வேலை. "இவர் உன்னை முட்டாள்னு எழுதியிருக்கார். இவர் கொஞ்சம் மரியாதையானவர், 'தாங்கள் ஒரு முட்டாள்'னு எழுதியிருக்கார்" என்று சிரிப்பு வேறு.

பழைய கொலை வழக்குகளை மட்டும் எழுதும் காலாண்டிதழ். முந்நூற்றுச் சொச்சம் சந்தாதாரர்கள், அத்தனை பேரும் நீதிபதிகள்! அப்படி என்ன எழுதிவிட்டேன்? அறுபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய வழக்கு. மாடியில் தனியாக இருந்த டாக்டரம்மா கொலை. கீழே குடியிருந்த தையற்காரருக்குத் தூக்கு. ஒரே சாட்சி, பக்கத்து வீட்டு ஒன்பது வயதுப் பெண். முற்றத்தின் கிழக்கு ஓரக் குழாயடியில் வாளியோடு நின்றபோது, தையற்காரர் பின்படிக்கட்டில் இறங்கி ஓடியதைப் பார்த்தேன் என்றாள்.

எங்கள் வழக்கப்படி கொலை நடந்த வீட்டின் வரைபடத்தையும் போட்டேன். படிக்கட்டு மேற்கே இருக்கிறது. நடுவில் முழு வீடு. சுவரைத் துளைத்தா பார்த்தாள்? 'அந்தக் குழந்தை பொய் சொன்னது' என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால் ஏன் இவ்வளவு எரிகிறது இவர்களுக்கு?

மார்ச் 6, வியாழன்

திட்டாத அந்தப் பதினேழாவது கடிதத்தை மேசைக்கு மேலே குத்தி வைத்திருக்கிறேன். தையற்காரரின் மகன் எழுதியது. அவர் தூக்கில் போனபோது இவர் கைக்குழந்தை.

"ஐயா, எங்க வீட்டுல அப்பா படம் இத்தனை வருஷமா பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு. உங்க கட்டுரையைப் படிச்சிட்டு எடுத்து ஹால்ல மாட்டினேன். பேரப்பிள்ளைங்க இது யாருன்னு கேட்டாங்க. முதல் தடவையா சொன்னேன்."

மூன்று முறை படித்தேன். இதற்காகத்தானே இந்தப் பிழைப்பு. மற்ற பதினாறு பேரும் எக்கேடோ கெட்டுப் போகட்டும்.

மார்ச் 10, திங்கள்

ஸ்கேல்காரர் போன். ஓய்வுபெற்ற சர்வேயர், ஒவ்வொரு இதழின் வரைபடத்தையும் ஸ்கேல் வைத்து அளக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எனக்கு ஜென்ம சத்துரு.

"உங்க படத்துல படிக்கட்டு மேற்கே இருக்கே?"

"ஆமா."

"முப்பதாம் பக்கத்துல இன்ஸ்பெக்டர் குறிப்பைப் போட்டிருக்கீங்களே, அதைப் படிச்சீங்களா? காலை ஏழு மணி வெயில் படிக்கட்டுல நேரா விழுந்துச்சு, அதனால ரத்தக்கறை பளிச்சுன்னு தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்கார். உங்க ஊர்ல சூரியன் மேற்கேதான் உதிக்குதா?"

இன்ஸ்பெக்டர் தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பார் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 11

அந்த ஆள் பிறக்கும்போதே ஸ்கேலோடு பிறந்திருப்பார்.

மார்ச் 14, வெள்ளி

நீல மையில் ஒரு கடிதம். நிதானமான கையெழுத்து.

"முதல் இதழிலிருந்து சந்தாதாரர் நான். என் வழக்கு என்றைக்காவது வரும் என்று பயந்துகொண்டேதான் ஒவ்வொரு இதழையும் பிரிப்பேன். நீங்கள் எழுதிய 'அந்தக் குழந்தை' நான்தான். வயது எழுபத்தொன்று. மருத்துவமனையில் முப்பத்தைந்து வருடம் நர்ஸ் வேலை. குழாயடியில் நின்றால் படிக்கட்டு முகத்துக்கு நேராக இருக்கும். கட்டுரையைப் படித்துவிட்டு என் மருமகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறாள் என்பதுதான் தாங்கவில்லை."

அக்கா கடிதத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். கிண்டல் இல்லை.

வீட்டை இடித்துப் பல வருடம் ஆகிறது. போய்ப் பார்க்கவும் வழியில்லை. நீதிமன்ற ஆவணக் காப்பகத்தில் மூல வரைபடம் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துத்தானே வரைந்தேன்? பார்த்துத்தானே?

மார்ச் 18, செவ்வாய்

காப்பகம். அங்கே நகல் எடுக்க விடமாட்டார்கள்; போன வருடம் மூலத்தின் மேல், அடியிலிருப்பது ஊடே தெரியும் பட்டர் பேப்பரை வைத்துப் பென்சிலால் கோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுத்தையும் திசைக்குறியையும், சாட்சியத்தில் சொன்ன குழாயடியையும் வீட்டுக்கு வந்துதான் போட்டேன். அந்தப் பட்டர் பேப்பரையே இன்று எடுத்துப் போனேன்.

மூலத்தின் மேல் வைத்தேன். பொருந்தவில்லை. நகர்த்தினேன், சுற்றினேன். பொருந்தவில்லை. பிறகு தாளைத் திருப்பிப் போட்டேன்.

கோட்டின் மேல் கோடு, கச்சிதமாக உட்கார்ந்தது.

படிக்கட்டு கிழக்கே. குழாயடிக்கு நேர் எதிரே. அட பாவி! பின்பக்கத்தில் எழுத்தைப் போட்டுவிட்டு ஒரு குழந்தையைப் பொய்க்காரி ஆக்கினாயே. பத்து வருடமாக இதே வேலை, இடம் வலம் தெரியவில்லை உனக்கு. காப்பக அலுவலர் வந்து, "உடம்பு சரியில்லையா, தண்ணி வேணுமா" என்று கேட்டார்.

மார்ச் 19

சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

நர்ஸம்மாவுக்கு போன் செய்தேன். ஒப்புக்கொண்டேன்.

"ஒரு மாசமா என்ன பண்ணிட்டு இருந்தேன் தெரியுமா? கண்ணை மூடி அந்தக் குழாயடியில போய் நின்னு பார்க்கிறேன். சில நாள் படிக்கட்டு தெரியுது, சில நாள் வெறும் சுவர்தான் தெரியுது. பார்க்காததைச் சொல்லி ஒரு மனுஷனைக் கொன்னுட்டேனோன்னு..." என்றார். பிறகு, "திருத்தம் போடுங்க. கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல வேண்டாம். அந்தக் கட்டுரை வந்த இடத்துலயே போடுங்க" என்று வைத்துவிட்டார்.

அந்த இடம் என்ன, முதல் பக்கத்திலேயே போடுவேன். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மேசைக்கு மேலே குத்திய கடிதம்? அந்த மனிதர் படத்தை மாட்டிவிட்டாரே.

அக்காவிடம் சொன்னேன். "தையற்காரர் கொன்னாரா இல்லையா, உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. அந்தப் பொண்ணால பார்த்திருக்க முடியாதுன்னு நான் சொன்னது மட்டும் தப்பு."

"அப்ப அதை மட்டும் எழுது. இதழ் வர்றதுக்கு முன்னால அவருக்கு நீயே சொல்லிடு. அச்சுல பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டாம் அவர்."

மார்ச் 24, திங்கள்

தையற்காரரின் மகனுக்குக் கடிதம். ஏழு முறை எழுதிக் கிழித்தேன். 'வருந்துகிறேன்' என்று எழுதினால் கல்யாணத்துக்கு வர முடியாதவன் எழுதுவது போல் இருக்கிறது. எட்டாவதை வாசிக்காமலே தபாலில் போட்டேன்.

ஏப்ரல் 15

அவரிடமிருந்து பதில் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

இதழ் 42-இன் முதல் பக்கத்தில் திருத்தம், சரியான வரைபடத்தோடு. ஒன்பது பேர் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். 'பட்டர் பேப்பர் ஆசிரியர்' என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது. ஸ்கேல்காரர் கார்டில் ஒரே வரி: "இந்த முறை அளந்தேன். சரி." குத்தலா, பாராட்டா? இரண்டும்தான்.

நர்ஸம்மா எழுதவில்லை. சந்தாவைப் புதுப்பித்திருக்கிறார்.

ஜூன் 9, திங்கள்

வந்துவிட்டது. தையற்காரரின் மகனிடமிருந்து. உள்ளே இதழ் 41, நான்காகக் கிழித்து. கூடவே ஒரு துண்டுத்தாள்.

"நாங்க பாட்டுக்கு இருந்தோம். உங்களை யாரு கேட்டா? படத்தைக் கழட்டிட்டேன். ஆணி மட்டும் சுவத்துல அப்படியே இருக்கு. எனக்குப் பிடுங்க மனசு வரலை. அடிக்க வெச்சது நீங்கதானே, நீங்களே வந்து பிடுங்கிட்டுப் போங்க."

அக்காவும் படித்தாள். "கோபத்துல எழுதியிருக்கார்டா. நிஜமாவா கூப்பிடுறார்?" என்றாள்.

"கூப்பிட்டிருக்காரே."

"போனா அடிப்பார்."

"அடிக்கட்டும்."

காலை ஆறரைக்கு பஸ். மாற்றுச் சட்டை ஒன்று எடுத்து வைத்தேன். அலமாரிக்கு அடியிலிருந்து ஆணி பிடுங்கும் குறட்டைத் தேடியெடுத்து, துடைத்துப் பையில் போட்டது அக்காதான்.