ராமாயி நேர்ந்த கெடா

ஐப்பசி 4, திங்கள்

தூறல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருபத்திரண்டாம் நாள். புற்று என்று இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். தொடை என் தொடையாகவே இல்லை, தோல் தொங்குகிறது. தண்ணீர்ச் செம்பைத் தூக்க இரண்டு கை.

டாக்டர் சொன்னது: முட்டை, ஆட்டுக்கறிச் சாறு, தினமும் நடை. போன சதை லேசில் திரும்பாதாம்.

என் வீட்டுக்காரி ராமாயி நேர்ந்தது: நான் பிழைத்தால் வீட்டுக் கெடாவை என் தோளிலேயே சுமந்துபோய் அம்மனுக்குக் கொடுக்க வேண்டும். அதுவரை வீட்டில் கவிச்சி கிடையாது. முட்டையும் கவிச்சிதானாம்.

ஆட்டு வியாபாரி வீட்டில் கறிச் சாறு இல்லை. யாரிடம் சொல்லிச் சிரிப்பது.

ஐப்பசி 7, வியாழன்

வெயில். நேற்று சந்தை. கூட்டாளி மாரப்பன் வண்டியில் கூட்டிப்போனான். வழியெல்லாம் அணை வேலை லாரிகளின் புழுதி.

ஆட்டை அணைத்துத் தூக்கியே எடை சொல்லுவேன், ஒரு ராத்தல் பிசகாது. நேற்று ஒன்றைத் தூக்கி நாற்பது என்றேன். சுற்றி நின்றவர்கள் அடுத்த ஆட்டுக்கு நகர்ந்தார்கள். மாரப்பன்தான் மெல்ல, "அண்ணா, இருவதுகூடத் தேறாதுங்க."

இப்போது எல்லா ஆடும் கனக்கிறது. தொழில் போயிற்று. வெட்கம்.

ஐப்பசி 9, சனி

கெடா அறுபது ராத்தல் இருக்கும். ராமாயி அகத்தித் தழையாகப் போடுகிறாள். அது கொழுக்கிறது, நான் வற்றுகிறேன். முன்னங்காலைக் கிளப்பியதற்கே தையல் போட்ட இடம் இழுத்தது. உட்கார்ந்துவிட்டேன்.

"வேற யாராச்சும் தூக்கட்டுமே" என்றேன்.

"உங்க தோளுன்னு சொல்லிப்போட்டனுங்க. ஆத்தாகிட்ட வாக்கு மாறலாமுங்களா?" அழுதாள்.

அவளுக்குத் தெரியாமல் வெளியே தின்னவும் மனசு வரவில்லை. இப்படியே போய்ச் சேரவேண்டியதுதான்.

ஐப்பசி 18, திங்கள்

கஞ்சி மூன்று வாய். வாந்தி. சவரம் செய்ய வேண்டும்.

கெடாவின் நாலு காலும் தரையை விட்டுக் கிளம்பின! ஒரு விரற்கடைதான்.

ஐப்பசி 25, திங்கள்

அடைமழை. கொட்டகையில் ஒரே இருட்டு. கெடா இன்று முழங்கால் உயரம் வந்தது. நாலு மூச்சு வரை பிடித்தேன். அழுகை வந்துவிட்டது.

ராமாயி, "பாத்தீங்களா, ஆத்தா கைவிடலீங்க" என்றாள். எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஐப்பசி 28, வியாழன்

மழை விட்டது. அடுத்த சந்தைக்குப் போகலாமா என்றுகூட நினைப்பு.

தூக்குமுன் பழைய பழக்கத்தில் கெடாவின் முதுகில் விரல் வைத்து அழுத்தினேன். எலும்பு. விலாவிலும் எலும்பு. இத்தனை நாளும் என் கையைத்தான் பார்த்தேன், ஆட்டைப் பார்க்கவில்லை.

தீனித் தொட்டி காய்ந்து கிடக்கிறது. நம் அகத்திக் கட்டு பக்கத்து வீட்டு ஆடுகளின் முன்னால்.

என் கையில் ஒரு பலமும் ஏறவில்லை. இவள்தான் கெடாவைப் பட்டினி போட்டு இளைக்க வைத்திருக்கிறாள்.

பின்னால் வந்து நின்றாள். "நாளைக்கு வெள்ளிக்கெழமைங்க. கோயிலுக்குத் தூக்கீருவீங்களா?"

"தூக்கீரலாம், ராமாயி."

கஞ்சி குடித்த கை. கெடா அதை நக்கிக்கொண்டே இருந்தது.