மிக்ஸி சித்தி

ஜூன் 3

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இருபத்து மூன்று நாள். நான் கூடத்துக்குள் நுழைந்ததும் அவருடைய எட்டு வயது மகள் இன்றும் மூக்கைச் சட்டைக் காலரில் புதைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பார்லரில் என் கையால் முடி வெட்டிக்கொள்ள வரிசையில் காத்திருக்கிறார்கள். இங்கே ஒரு வாண்டு என்னைக் கண்டால் வெளிநடப்பு செய்கிறது. சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று யார் கதை கட்டியது? கொடுமை செய்யவாவது பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டாமா!

ஜூன் 5

பொறுப்பான குடும்பத்தலைவி என்று காட்டிக்கொள்ள முதல்முறையாக அவள் அறையைப் பெருக்கப் போனேன். ஆளில்லாமல் ஓடிய விசிறியை அணைத்தேன். முக்கால் மணி நேரம் அழுதாள். "ஐயோ, அது எப்பவும் ரெண்டாம் நம்பர்ல ஓடணும். அந்தச் சத்தம் இருந்தாதான் அவ நிம்மதியா இருப்பா" என்றார் அவர். இதை முதல் நாளே சொன்னால் என்னவாம் இந்த மனுஷனுக்கு?

ஜூன் 9

தலைச்சாய நெடிதான் அவளை விரட்டுகிறது என்று நானே கண்டுபிடித்தேன். அதை மறைக்க ரோஜா சென்ட் அடித்துக்கொண்டு வந்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். வாந்தி எடுத்தாள், சரியாக என் செருப்பில்.

ஜூன் 10

செருப்பைக் கழுவினேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 14

அவருக்கு வேலை. ஆட்டிசப் பிள்ளைகளின் பயிற்சி மையத்துக்கு நான்தான் அவளைக் கூட்டிப்போனேன். வழி முழுக்க எனக்கு நாலடி முன்னால் நடந்தாள்.

டீச்சர் குட்டிக் குப்பிகளை முகரக் கொடுத்து, சிரிக்கிற முகம், அழுகிற முகம் வரைந்த அட்டைகளைப் பரப்பினார். அவள் அட்டைகளை ஒதுக்கித் தள்ளினாள். சோப்பு? "ஃபிரிட்ஜ்." காப்பித்தூள்? "வாஷிங் மெஷின், கடைசியில வேகமா சுத்துறப்போ."

"முகத்தைப் பார்த்துப் பிடிக்குதா இல்லையான்னு தேடாதீங்க. வாசனையை அவ இப்படி மெஷின் சத்தமாத்தான் சொல்லுவா" என்றார் டீச்சர்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அப்போ நான்?"

"மிக்ஸி. மூடி இல்லாம."

டீச்சர் சிரிப்பை இருமலாக்கினார். என்னைப் பிடிக்காதான்னு கேட்டே விட்டேன், வெட்கங்கெட்டவ.

"மிக்ஸி கெட்டது இல்ல," என்றாள் காலருக்குள்ளிருந்து. "பயம்."

பயம்தானா? வெறுப்பு இல்லையா? கழிவறைக்குப் போய் நன்றாக அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் எந்த அட்டையை எடுப்பேன்?

ஜூன் 16

வாசனையில்லாத சோப்பு வாங்கி, பார்லரிலேயே குளித்து, துணி மாற்றி, ஈரத்தலையோடு பஸ் ஏறினேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், தன் நாற்றமும் தெரியாது போல. வாசலில் நின்று "இப்போ?" என்றேன்.

"மிக்ஸி. மூடி போட்டு."

முன்னேற்றம்!

ஜூன் 21

சலவைத்தூளையும் மாற்றினேன். இன்று "ஹேர் டிரையர்" என்றாள். என் பிழைப்பையே சொல்லிக் காட்டுகிறாளோ?

ஜூன் 27

நேரமாகிவிட்டதென்று குளிக்காமல் வந்தேன். மறுபடி மிக்ஸி. மூடியும் போச்சு. புத்தி வந்தது.

ஜூலை 8

சாயங்காலம் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காலருக்கு வெளியே மூக்கு! அதை என் சட்டைக் கையில் வைத்தாள். நான் மூச்சே விடவில்லை.

"ஃபேன்," என்றாள். கொஞ்சம் யோசித்து, "ரெண்டு."

அப்படியே சாய்ந்துகொண்டாள்.

"ரெண்டுதானா? அஞ்சுக்கு ரெண்டுன்னா ஜஸ்ட் பாஸ்தானே!" என்று சிரித்தார் அவர். எனக்குச் சொல்லித் தந்தவரே மறந்துவிட்டார்.

துணியெல்லாம் மடித்தாகிவிட்டது. அவள் எழுந்து போய்விடக் கூடாதே என்று எல்லாவற்றையும் பிரித்து, ஒற்றைக் கையால், முதலிலிருந்து மடித்தேன்.