கறுப்படித்த நீல சைக்கிள்

ஜூலை 10, வியாழன்

இன்றைக்கும் யாரும் பார்க்கவில்லை.

காலையில் பழைய பள்ளியின் மெரூன் பாவாடை, டை எல்லாம் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடக்க வேண்டும். அம்மாவின் உத்தரவு. மற்றவர்கள் வருவதற்கு முன்பே பஸ்ஸில் போய், அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் கழிவறையில் சுடிதாரும் ஓவர்கோட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் திரும்பவும் மெரூன். ஜூன் மாதம் பதினோராம் வகுப்பு தொடங்கியதிலிருந்து இப்படித்தான்.

மெரூன், நான் எல்கேஜியிலிருந்து படித்த தனியார் பள்ளி. பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்ததும், ‘இவளால எங்க ரிசல்ட் அடிவாங்கும், டி.சி. வாங்கிக்கோங்க’ என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். இது வீட்டில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த தெருவில் இருக்கும் கோமு அத்தைக்குத் தெரியவே கூடாது. அத்தை அப்பாவின் அக்கா. அத்தைக்குத் தெரிந்தால் நாலு ரத வீதிக்கும் தெரிந்த மாதிரி.

‘ஒருத்திக்குத் தெரிஞ்சாலும் நாமக்கல் ஹாஸ்டல்ல கொண்டு போட்டிருவேன், பாத்துக்கோ.’ அம்மா சும்மா சொல்லவில்லை. அங்கே ஒரு பள்ளியில் விசாரித்தும் வைத்துவிட்டாள்.

அம்மா தூங்கியபின் சாமி அறையின் சின்ன பல்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன். எங்காவது சொல்லியாக வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

இத்தனை நாளும் பையை மடியில் வைத்துக்கொண்டே வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். யாராவது எடுத்துவிடுவார்கள் என்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்றால் அப்படித்தான் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? நினைவில்லை. எல்லோரும்தான்.

இன்று பக்கத்தில் இருக்கும் ஜெனோ கேட்டாள். ‘ஏட்டி, பைக்குள்ள பிள்ளையா கெடக்கு? எறக்கவே மாட்டேங்க.’

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கீழே வைத்தேன். சாயங்காலம் வரை அது அங்கேயே இருந்தது.

என்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ‘மேடம், உங்க பள்ளிக்கூடத்துல தமிழ்ல பேசினா ஃபைனாமே?’ ஆமாம் என்றேன். ‘அப்போ எப்படிட்டி சண்ட போடுவீங்க?’

யோசித்துப் பார்த்தால், அங்கே நாங்கள் சண்டை போட்டதே இல்லை. பேசாமல் விலக்கிவிடுவோம். நான் போன பிறகு ஒருத்திகூட ஒரு மெசேஜ் அனுப்பவில்லை.

ஜூலை 24, வியாழன்

விலங்கியல் டீச்சர் கேட்ட கேள்விக்கு எழுந்து பதில் சொன்னேன். பாதி தப்பு. ‘மீதியை நாளைக்குப் படிச்சிட்டு வந்து நீயே சொல்லு’ என்றார்கள். அவ்வளவுதான். யாரும் என்னை ஒரு கெட்ட ரிசல்ட்டாகப் பார்க்கவில்லை.

மீதியை இப்போதுதான் படித்து முடித்தேன். நாமக்கல் வேண்டாம். நான் இங்கேயேதான் படிப்பேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பதினோராம் வகுப்புக்கு விலையில்லா சைக்கிள் கொடுத்தார்கள். மைதானம் முழுக்க நீலம். கூடையின் முன்னால் அரசு முத்திரை போட்ட தகடு.

ஜெனோ கைப்பிடியின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அவளுக்கு ஓட்டத் தெரியாதாம். மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்தவள். வேலை நின்றுபோய், போன வருஷம்தான் அவர்கள் குடும்பம் கீழே இறங்கி வந்தது. ‘மலைல எங்கட்டி ஓட்ட? ஒண்ணு ஏத்தம், இல்லன்னா எறக்கம். பஸ்ஸே மூச்சு வாங்கிட்டுத்தான் வரும்.’

எனக்கு நன்றாக ஓட்டத் தெரியும். ஆனால் என் சைக்கிளைப் பள்ளி ஸ்டாண்டிலேயே பூட்டிவிட்டு வந்துவிட்டேன். இந்த நீலத்தைத் தெரியாதவர்கள் ஊரில் யார்?

ஆகஸ்ட் 8, வெள்ளி

அடுத்த வாரத்துக்குள் எல்லோரும் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுபோயாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் சொன்னேன்.

‘வித்திரலாம். எடுக்க ஆளு இருக்கு’ என்றாள் அம்மா.

அப்பா ஜவுளிக்கடையில் நாளெல்லாம் கணக்கு எழுதி ஓய்ந்துபோய் வருகிறவர். வீட்டில் அதிகம் பேச மாட்டார். இன்று பேசினார். ‘பிள்ள பஸ்ல நசுங்கிட்டுப் போவுது. ஓட்டட்டுமே.’

‘அத ஓட்டிக்கிட்டு இந்தத் தெருவுல வரச் சொல்லுதியளோ? உங்க அக்கா வாசல் வழியா?’

அப்பா சாதத்தைப் பிசைந்தார். பிறகு, ‘பெயின்ட் அடிச்சிருவோமா?’ என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பள்ளி விட்டதும் மைதானத்தில் ஜெனோவுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். மூன்று முறை விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. அவள் கவலையெல்லாம் சைக்கிளில் கீறல் விழுந்ததா என்பதுதான்.

‘மெதுவா தள்ளுட்டி. பிடிச்சிருக்கியா?’

‘பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்.’

வேப்பமரம் தாண்டும்போதே கையை எடுத்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது. கொடிக்கம்பம் வரை தானாகவே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். இவ்வளவு சிரித்து எத்தனை நாள் ஆயிற்று?

ஆகஸ்ட் 16, சனி

சைக்கிள் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. கறுப்பு. முத்திரைத் தகட்டையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். அம்மா இரண்டு பக்கமும் சுற்றிவந்து பார்த்துவிட்டு, ‘இப்பம் கடைல வாங்குன மாதிரி இருக்கு’ என்றாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோமு அத்தை கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்கள். வாசலில் சைக்கிளைப் பார்த்ததும் குனிந்து, பெடல் பக்கம் விரலால் தடவினார்கள்.

‘ஏ சங்கரி, இது பள்ளிக்கூடத்துல சும்மா குடுக்காகள்லா, அந்தச் சைக்கிள்தான? கறுப்பு அடிச்சா கம்பி வளைவு மாறிருமா?’

அம்மா உடனே சொன்னாள். ‘ஆமா மைனி. யாரோ ஒரு பிள்ளைக்குக் குடுத்ததாம். செகண்ட்ஸ்ல வாங்குனோம்.’

யாரோ ஒரு பிள்ளை. நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன்.

‘நல்லா கழுவிட்டு ஏறச் சொல்லு. அதுகளுக்குப் படிப்பும் கெடையாது, கைச்சுத்தமும் கெடையாது. கிடைச்சத வித்துத் திங்கும்.’ பிறகு சிரித்துக்கொண்டே, ‘நீயும் கல்லிடைக்குறிச்சி கவர்மெண்ட் பள்ளிக்கூடம்தான. உனக்கு இதெல்லாம் ஒண்ணும் தோணாது.’

அம்மாவும் கூடச் சிரித்தாள். அம்மா எங்கே படித்தாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லி அவளைச் சிரிக்கவைப்பார்கள் என்று தெரியாது. அத்தை போனபிறகு, கழுவின டம்ளரையே அம்மா திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

எதற்கு நான் இன்று பள்ளிக்குப் போனேன்.

ஸ்டாண்டில் வரிசையாக நீலம். நடுவில் என் கறுப்பு. யாருமே பார்க்கக் கூடாது என்றுதானே அடித்தது? அங்கே எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். ‘மேடத்துக்கு மட்டும் தனி கலராட்டி?’ என்று சிரித்தார்கள். அது பரவாயில்லை. ஜெனோ சிரிக்கவில்லை.

முத்திரை இருந்த இடத்தில் வெறும் ஆணித்துளைகள். அதில் விரலை வைத்துப் பார்த்தாள்.

‘எங்க நெறம் உங்க வீட்டு வாசலுக்கு ஆவாதோ?’

அம்மாதான், நான் இல்லை, அத்தைக்குத் தெரிந்தால் ஹாஸ்டல் — என்னவெல்லாமோ உளறினேன். மெரூன் பாவாடை விஷயமும் வாயில் வந்துவிட்டது. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

‘அப்பம் தெனமும் எங்கள மாதிரி வேஷம் போட்டுட்டு வார. அப்படித்தான?’

இல்லட்டி என்றேன்.

‘அன்னைக்குப் பிடிச்சிருக்கேன்னு சொன்னியே. அதுவும் பொய்யாத்தான் இருக்கும்.’

பையை எடுத்துக்கொண்டு முன் பெஞ்சுக்குப் போய்விட்டாள். அது பொய்தான். ஆனா அந்தப் பொய் வேற. அத எப்படிச் சொல்லுவேன்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஜெனோ சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போகிறாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

உப்புத்தாள் வாங்கிவிட்டேன். ஹார்டுவேர் கடைக்காரர் ‘எதுக்கும்மா, மரமா இரும்பா?’ என்றார். இரும்பு என்றேன். இரண்டு தாள் பையில் இருக்கிறது.

ராத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ ஒளிந்து நின்று தேய்த்துவிடலாமா என்று முதலில் நினைத்தேன். ஒளிந்து அடித்ததை ஒளிந்தே சுரண்டினால் என்ன ஆகிவிடும்? வீட்டு வாசலில் செய்ய வேண்டும். பகலில். அத்தை கோயிலிலிருந்து வரும் நேரம் என்றால் அப்படியே ஆகட்டும்.

பயமாக இருக்கிறது. அம்மா அடிக்க மாட்டாள். அடித்தால்கூடப் பரவாயில்லை. நாமக்கல்லுக்குப் போன் பண்ணிவிடுவாள். அங்கே ஒரு கட்டில், ஒரு பெட்டி, ஞாயிற்றுக்கிழமைகூட டெஸ்ட்.

இருந்தாலும் திங்கட்கிழமை கறுப்போடு போக மாட்டேன். போவ மாட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கை எரிகிறது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்குச் சைக்கிளை வாசல்படிக்குக் கீழே தெருவில் நிறுத்தினேன். கூடையிலிருந்து தொடங்கினேன். அந்தச் சத்தம் பல்லைக் கூச வைத்தது. அம்மா ஓடி வந்தாள்.

‘என்ன காரியம் செய்யுத? உள்ள வா.’

‘வரல.’

‘லேகா, தெருவே பாக்குது.’

‘பாக்கட்டும்மா.’

அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். நான் விடவில்லை. கறுப்பு தூளாக உதிர்ந்து கால் விரல்களில் படிந்தது. அடியில் நீலம் ஒரு நாணயம் அளவுக்குத் தெரிந்தது. அப்போதுதான் கோமு அத்தை கையில் தேங்காய்முறியோடு வந்தார்கள்.

‘நல்லாத்தான இருந்துது, எதுக்குட்டி சொரண்டுத?’

தூளையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

‘இது என் சைக்கிள்தான் அத்தை. பள்ளிக்கூடத்துல எனக்குக் குடுத்தது. நான் கவர்மெண்ட் ஸ்கூல்லதான் படிக்கேன். ஜூன்லேருந்து.’

அத்தை என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். ‘ஏ சங்கரி, இங்கன வா. இவ என்ன சொல்லுதா?’

கதவு திறந்தது. அம்மா நிலைப்படியில் நின்றாள். இல்லை என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அத்தை முந்திக்கொண்டார்கள்.

‘எங்கிட்டயே செகண்ட்ஸுன்னு சொன்ன. நம்ம குடும்பத்துப் பிள்ளய அங்கன கொண்டு சேத்திருக்க. அதுக கூட இருந்தா நாளைக்குக் களவும் பொய்யும்லா படிச்சிட்டு வருவா?’

‘பொய் நான் சொன்னது மைனி’ என்றாள் அம்மா. குரல் மிகவும் தாழ்வாக இருந்தது. ‘அவ சொல்லல.’ ஒரு படி கீழே இறங்கினாள். ‘நானும் அதுகள்ல ஒருத்திதான. உங்க வீட்டுக்கு வந்து பதினெட்டு வருசமாச்சு. என்னத்தக் களவாண்டேன்?’

எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் அப்படியே நின்றார்கள். அத்தை தேங்காயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்கள். ‘நான் என்ன சொல்லிட்டேன்னு’ என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அம்மாவும் உள்ளே போய்விட்டாள். போன் எடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். நாமக்கல்தான். இருந்தும் தேய்த்துக்கொண்டே இருந்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அம்மா பெயின்ட் கரைக்கும் தின்னர் பாட்டிலோடு வந்தாள். கூடவே ஒரு பழைய துணி.

‘வெறுந்தாள வச்சிச் சொரண்டுனா நீலமும் சேந்து போயிரும். இதத் தொட்டு மெதுவா தொடை.’

எனக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின் மட்கார்டைத் துடைக்கத் தொடங்கினாள். மதியம் வரை இருவரும் தேய்த்துக்கொண்டே இருந்தோம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சுடிதாரும் ஓவர்கோட்டும் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்தே கிளம்பினேன். அத்தை வீட்டு வாசல் வழியாகத்தான் போனேன். கதவு சாத்தியிருந்தது.

ஸ்டாண்டில் ஜெனோ நின்றாள். மூலைகளிலும் வெல்டிங் வைத்த இடங்களிலும் கறுப்பு போகவில்லை. நடு நடுவே நீலம்.

‘புலி மாதிரி ஆக்கி வச்சிருக்க’ என்றாள்.

‘அன்னைக்கு நான் பிடிக்கலட்டி. வேப்பமரத்துலயே விட்டுட்டேன். நீயாத்தான் ஓட்டுன.’

என்னையே பார்த்தாள். பிறகு தன் சைக்கிளைப் பார்த்தாள். வகுப்பில் முன் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் மைதானத்தில் யாரும் பிடிக்காமல் ஒரு சுற்று வந்தாள். அதை நான் பார்க்கிறேனா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பெஞ்சுக்குத் திரும்பி வந்துவிட்டாள். ‘தள்ளு மேடம்’ என்றாள்.

செப்டம்பர் 13, சனி

மணி நாலு. வெயில் இன்னும் இருக்கிறது. வாசல்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் நானும் ஜெனோவும் ஆற்றுப் பாலம் வழியாக பாளையங்கோட்டை வரை போய்விட்டு வந்தோம். பாலத்தின் நடுவில் அவள் ஒரு கையை விட்டாள். ‘வண்டி வருதுட்டி’ என்று நான்தான் கத்தினேன். திரும்பும்போது தூறல். எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு சைக்கிளிலும் சேறு.

கோமு அத்தை இன்னும் வரவில்லை. அப்பா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அம்மா அதைப் பற்றிப் பேசுவதில்லை. நாமக்கல்லைப் பற்றியும்.

சேறு துடைக்கத் துணி கேட்டேன். அம்மா பீரோவைத் திறந்து கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு உள்ளேயிருந்து கிழிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு துண்டாகக் கொண்டுவந்தாள். எனக்கு ஒன்று, ஜெனோவுக்கு ஒன்று.

‘கெட்டித் துணி. நல்லா தொடைக்கும்’ என்றாள்.

மெரூன் கலர்.